மாக்ஸ் தெய்லர்

மாக்ஸ் தெய்லர் (ஜனவரி 30, 1899 – ஆகஸ்ட் 11, 1972) தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய நுண்ணுயிரியல் அறிஞர் ஆவார். மஞ்சள் காய்ச்சலுக்கு எதிரான 17டி என்னும் தடுப்பூசியை உருவாக்கியவர் இவரே. இதற்காக 1951 ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு இவருக்குத் தனியாக வழங்கப்பட்டது. ஆப்பிரிக்கக் கண்டத்தில் பிறந்தவர்களுள் நோபல் பரிசு பெற்ற முதலாமவர் இவர்.

ஆப்பிரிக்காவிலோ தென் அமெரிக்காவிலோ உள்ள பல நாடுகளுக்குச் செல்லும் பயணிகள் இன்றும் இத்தடுப்பூசியையே போட்டுக்கொள்கின்றனர். இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. ஆனால் அதைப் பரப்பக்கூடிய கொசு உள்ளது. ஆகவே தெய்லரின் தடுப்பூசி பயணியை மட்டுமன்றி, அவர் திரும்பி வரும் ஊரையும் காக்கிறது.

மஞ்சள் காய்ச்சல் – ஒரு பின்னணி

மஞ்சள் காய்ச்சல் ஒரு தீநுண்மியால் (வைரசு) உண்டாகும் நோய். ஏடிசு எகிப்தி முதலிய கொசுக்கள் கடிப்பதால் இது பரவுகிறது. கடிபட்ட 3 முதல் 6 நாட்களுக்குள் காய்ச்சல், தலைவலி, முதுகுவலி, குமட்டல், வாந்தி ஆகியவை தோன்றும். பெரும்பாலோர் சில நாட்களில் குணமடைவர். சிறு பகுதியினருக்கு மட்டும் காய்ச்சல் தணிந்தபின் மீண்டும் கடுமையாகத் திரும்பும். அப்போது கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். கண்ணும் தோலும் மஞ்சளாகும். வாய், மூக்கு, வயிறு ஆகியவற்றில் குருதிக்கசிவு ஏற்படும். இந்நிலையை அடைபவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் 7 முதல் 10 நாட்களுக்குள் இறக்கின்றனர். இந்த வைரசை அழிக்கும் தனி மருந்து எதுவும் இல்லை.

தமிழில் மஞ்சள் காய்ச்சல் என்ற பெயர் மஞ்சள் காமாலையை நினைவூட்டலாம். இரண்டும் ஒன்றல்ல. காமாலை என்பது பல காரணங்களால் வரக்கூடிய ஓர் அறிகுறி. நம் ஊர்களில் காணப்படும் காமாலை பெரும்பாலும் கல்லீரல் அழற்சி வைரசுகளாலும் பித்தநாள அடைப்பு போன்றவற்றாலும் உண்டாவது. காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் குடிக்கும் வழக்கம் மஞ்சள் காய்ச்சலுக்குப் பாதுகாப்பு ஆகாது.

18, 19 ஆம் நூற்றாண்டுகளில் அமெரிக்கக் கண்டங்களின் துறைமுக நகரங்களை இந்நோய் மீண்டும் மீண்டும் தாக்கியது. 1880களில் பிரெஞ்சுக்காரர்கள் பனாமாக் கால்வாயை வெட்ட முயன்று கைவிட்டதற்கு மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் முக்கியக் காரணங்கள். 1881 இல் கூபா நாட்டு மருத்துவர் கார்லோசு பின்லே இந்நோயைக் கொசுவே பரப்புகிறது என்று கூறினார். 1900 இல் வால்டர் ரீடு தலைமையிலான அமெரிக்க இராணுவக் குழு அவானா நகரில் இதனை உறுதிப்படுத்தியது. அந்த ஆய்வின்போது குழு உறுப்பினரான ஜெசி லசியர் இந்நோய்க்கே பலியானார். பின்னர் வில்லியம் கோர்காசு கொசு ஒழிப்பின் மூலம் அவானாவிலும் பனாமாவிலும் நோயைக் கட்டுப்படுத்தினார். ஆனால் நோயை உண்டாக்கும் கிருமி எது என்பது அப்போதும் தெளிவாகவில்லை.

பிறப்பும் கல்வியும்

தெய்லர் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் நான்கு குழந்தைகளுள் கடைசியாகப் பிறந்தார். இவரது தந்தை ஆர்னால்டு தெய்லர் சுவிட்சர்லாந்திலிருந்து குடியேறிய கால்நடை மருத்துவர், தாய் எம்மா. மாட்டுக் கொள்ளைநோய் முதலியவற்றை ஆராய்ந்து புகழ்பெற்ற தந்தை, 1908 இல் ஓண்டர்சுடபோர்ட்டில் கால்நடை ஆய்வு நிலையத்தை நிறுவினார்.

பிரிட்டோரியாவில் பள்ளிக் கல்வியை முடித்த தெய்லர், ரோட்சு பல்கலைக்கழகக் கல்லூரியிலும் பின்னர் கேப் டவுன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியிலும் பயின்றார். 1919 இல் இங்கிலாந்து சென்றார். கேப் டவுனில் படித்த ஆண்டுகளை லண்டன் பல்கலைக்கழகம் ஏற்கவில்லை. எனவே செயின்ட் தாமசு மருத்துவமனைப் பள்ளியில் சேர்ந்து, 1922 இல் மருத்துவத் தொழில் செய்வதற்கான உரிமத் தகுதியை மட்டும் பெற்றார். அதன்பின் லண்டன் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஒரு சிறு படிப்பை முடித்தார். முனைவர் பட்டமோ மருத்துவ முதுகலைப் பட்டமோ இவர் பெற்றதில்லை. நோபல் பரிசு பெற்ற மருத்துவ ஆய்வாளர்களிடையே இது அரிதான ஒன்று.

ஹார்வர்டில் ஆய்வு

1922 இல் அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில், வெப்பமண்டல மருத்துவத் துறையில் உதவியாளராகச் சேர்ந்தார். ஆன்ட்ரூ வாட்சன் செல்லார்ட்சு என்பவரின் கீழ் முதலில் சீதபேதியையும் எலிக்கடிக் காய்ச்சலையும் ஆராய்ந்தார். பின்னர் மஞ்சள் காய்ச்சலுக்குத் திரும்பினார். 1928 இல் லில்லியன் கிரகாம் என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகள்.

அக்காலத்தில் சப்பானிய அறிஞர் இதேயோ நோகுச்சி, மஞ்சள் காய்ச்சலுக்கு ஒரு வகைச் சுருள் நுண்ணுயிரியே காரணம் எனக் கூறியிருந்தார். நோகுச்சியின் புகழால் அக்கருத்து பரவலாக ஏற்கப்பட்டிருந்தது. அதன் அடிப்படையில் ஒரு தடுப்பு மருந்தும் பயன்பாட்டில் இருந்தது. 1926 இல் தெய்லரும் செல்லார்ட்சும் அந்நுண்ணுயிரி உண்மையில் வெயில் நோய் எனப்படும் வேறொரு காய்ச்சலின் கிருமியே என்று காட்டினர். இரு நோய்களிலும் காமாலை தோன்றுவதால் ஏற்பட்ட குழப்பம் இது. நோகுச்சி தம் கருத்தைச் சோதிக்க மேற்கு ஆப்பிரிக்கா சென்றார். 1928 மே மாதத்தில் அக்ரா நகரில் மஞ்சள் காய்ச்சலாலேயே இறந்தார்.

அசிபியும் இந்தியக் குரங்கும்

மஞ்சள் காய்ச்சலை ஆராய்வதில் இருந்த பெரிய தடை, அந்நோய் வரக்கூடிய ஆய்வக விலங்கு எதுவும் கிடைக்காததே. ராக்பெல்லர் அறக்கட்டளையின் மேற்கு ஆப்பிரிக்கக் குழு ஆப்பிரிக்கக் குரங்குகளுக்கு நோயாளிகளின் குருதியைச் செலுத்திப் பார்த்தது. அவை நோயுறவில்லை. 1927 ஜூன் இறுதியில், இன்றைய கானா நாட்டைச் சேர்ந்த அசிபி என்ற இளைஞரின் குருதி, இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ரீசசு குரங்கு ஒன்றுக்குச் செலுத்தப்பட்டது. குரங்கு நோயுற்று இறந்தது. அசிபி பிழைத்துக்கொண்டார்.

ரீசசு குரங்கு வட இந்தியாவில் காணப்படும் செம்முகக் குரங்கு ஆகும். தமிழகத்தில் காணப்படும் நாட்டுக் குரங்கிலிருந்து வேறுபட்டது. பல தலைமுறைகளாக மஞ்சள் காய்ச்சலோடு வாழ்ந்துவந்த ஆப்பிரிக்கக் குரங்குகள் அதனைத் தாங்கிக்கொண்டன. அந்நோயையே கண்டிராத இந்தியக் குரங்கோ உடனே வீழ்ந்தது. இக்கண்டுபிடிப்பின் மூலம் நோய்க்காரணி வடிகட்டிகளைக் கடந்து செல்லும் ஒரு வைரசு என்பது உறுதியானது. இதில் முதன்மைப் பங்காற்றிய ஏட்ரியன் ஸ்டோக்சு 1927 செப்டம்பரில் இந்நோய்க்குப் பலியானார்.

அசிபியின் குருதியிலிருந்து எடுக்கப்பட்ட வைரசு அசிபி வகை எனப்படுகிறது. பிற்காலத்தில் தெய்லர் உருவாக்கிய தடுப்பூசி இதிலிருந்தே பிறந்தது. அதே ஆண்டில் செனெகல் நாட்டின் டக்கார் நகரில் ஒரு நோயாளியிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட மற்றொரு வைரசு பிரெஞ்சு வகை எனப்பட்டது.

சுண்டெலி ஆய்வு

குரங்குகள் விலை மிகுந்தவை, கையாளக் கடினமானவை. தெய்லர் எளிதில் கிடைக்கும் வெள்ளைச் சுண்டெலிகளைப் பயன்படுத்த முயன்றார். வைரசைத் தோலின் கீழ் செலுத்தியபோது எலிகள் நோயுறவில்லை. மூளைக்குள் நேரடியாகச் செலுத்தியபோது அவை இறந்தன. ஆனால் அவற்றின் கல்லீரல் கெடவில்லை; மூளை அழற்சியே ஏற்பட்டிருந்தது. 1930 இல் இம்முடிவு வெளியானது. கல்லீரலைத் தாக்கும் நோயின் கிருமி மூளையில் வளர்கிறது என்பதைப் பலர் முதலில் நம்பவில்லை.

இந்த ஆய்வு இரு வகைகளில் பயன்பட்டது.

முதலாவதாக, எலியிலிருந்து எலிக்கு வைரசை மாற்றிக்கொண்டே சென்றபோது, அது எலிகளுக்கு மேலும் கொடியதாகவும் குரங்குகளின் கல்லீரலுக்குக் கேடு குறைந்ததாகவும் மாறியது. வைரசின் இயல்பை மனிதனால் மாற்ற இயலும் என்பது இதனால் தெரிந்தது.

இரண்டாவதாக, ஒருவருக்கு மஞ்சள் காய்ச்சல் எதிர்ப்பாற்றல் உள்ளதா என்று அறிய ஒரு சோதனை கிடைத்தது. அவரது குருதி நீர்மத்தை வைரசுடன் சேர்த்து எலிக்குச் செலுத்தினால், எதிர்ப்பாற்றல் உள்ளவரின் நீர்மம் எலியைக் காக்கும். இச்சோதனையைக் கொண்டு 1930களில் உலகின் பல பகுதிகளில் மக்களின் குருதி ஆராயப்பட்டது. மஞ்சள் காய்ச்சல் எங்கெங்கு உள்ளது என்ற வரைபடம் அவ்வாறே உருவானது. ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் அதில் இடம்பெற்றன, ஆசியா இடம்பெறவில்லை.

இந்த ஆய்வுகளின்போது 1929 இல் தெய்லருக்கே மஞ்சள் காய்ச்சல் வந்தது. அவர் உயிர் தப்பினார். அதன்பின் வாழ்நாள் முழுவதற்குமான எதிர்ப்பாற்றலைப் பெற்றார். அக்காலத்தில் இந்த வைரசைக் கையாண்ட ஆய்வாளர்கள் பலர் நோயுற்றனர், சிலர் இறந்தனர். தடுப்பூசி முதலில் தேவைப்பட்டது அதைத் தேடியவர்களுக்கே.

17டி தடுப்பூசி

1930 இல் தெய்லர் நியூயார்க்கிலிருந்த ராக்பெல்லர் அறக்கட்டளை ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கு வில்பர் சாயர் முதலியோர் 1931 இல் ஒரு தடுப்பு முறையை உருவாக்கினர். எலி மூளையில் வளர்த்த வைரசையும், நோயிலிருந்து மீண்ட மனிதரின் குருதி நீர்மத்தையும் சேர்த்துச் செலுத்துவது அம்முறை. அது ஆய்வாளர்களைக் காத்தது. ஆனால் ஒவ்வொருவருக்கும் மிகுந்த அளவில் மனிதக் குருதி நீர்மம் தேவைப்பட்டதால் பொதுமக்களுக்குப் பயன்படவில்லை.

அதே காலத்தில் பிரேசிலில் பிரெட் சோப்பர் குழுவினர், காட்டுக் குரங்குகளிடையேயும் மஞ்சள் காய்ச்சல் சுற்றிக்கொண்டிருப்பதைக் கண்டறிந்தனர். நகரத்துக் கொசுவை ஒழித்தால் நோயை அடியோடு ஒழிக்கலாம் என்ற நம்பிக்கை இதனால் தகர்ந்தது. காட்டையும் குரங்கையும் கொசுவையும் ஒழிக்க இயலாது. மனிதனைக் காப்பதே வழி என்றாயிற்று.

தெய்லரும் அவரது உடனுழைப்பாளர்களும் உயிருள்ள விலங்கில் அல்லாமல், கண்ணாடிக் குடுவைகளில் வைத்த திசுக்களில் அசிபி வகை வைரசை வளர்த்தனர். முதலில் எலிக் கருவின் திசுவிலும், பின்னர் கோழிக் கருவின் திசுவிலும் வளர்த்தனர். இறுதியாக, மூளையும் தண்டுவடமும் நீக்கப்பட்ட கோழிக் கருவின் திசுவைப் பயன்படுத்தினர். நரம்புத் திசு இல்லாத இடத்தில் வளர்ந்து பழகிய வைரசு, நரம்பைத் தாக்கும் இயல்பை இழக்கலாம் என்பது எதிர்பார்ப்பு.

சில நாட்களுக்கு ஒருமுறை வைரசு ஒரு குடுவையிலிருந்து அடுத்த குடுவைக்கு மாற்றப்பட்டது. இவ்வாறு வளர்க்கப்பட்ட தொடர்களில் 17 என்ற எண்ணும் டி என்ற எழுத்தும் இடப்பட்ட தொடரில், 89 ஆவது மாற்றத்துக்கும் 114 ஆவது மாற்றத்துக்கும் இடையில் வைரசு மாறிப்போயிருந்தது. அதைக் குரங்கின் மூளையிலேயே செலுத்தியபோதும் கொடிய நோய் வரவில்லை. கல்லீரலைத் தாக்கும் ஆற்றலும் மறைந்திருந்தது. எனினும் அது முழு எதிர்ப்பாற்றலைத் தந்தது. இதே மாற்றத்தை மீண்டும் உண்டாக்கச் செய்த முயற்சிகள் கைகூடவில்லை. அந்த ஒரு குடுவைத் தொடரின் வழித்தோன்றலே இன்றுவரை உலகெங்கும் பயன்படுகிறது.

அப்போது மரபணு வரிசையைப் படிக்கும் நுட்பம் கிடையாது. அரை நூற்றாண்டுக்குப் பின், 1980களில் இரு வைரசுகளின் மரபணு வரிசைகளும் ஒப்பிடப்பட்டன. ஏறத்தாழ 10,860 எழுத்துகள் கொண்ட வரிசையில் 68 எழுத்துகள் மட்டுமே வேறுபட்டிருந்தன. கொல்லும் வைரசுக்கும் காக்கும் வைரசுக்கும் இடையிலான தொலைவு அவ்வளவே.

1937 இல் தெய்லரும் இயூ ஸ்மித்தும் இத்தடுப்பூசி பற்றிய கட்டுரைகளை வெளியிட்டனர். அதே ஆண்டில் ஸ்மித் பிரேசிலுக்குச் சென்று பெருமளவிலான சோதனைகளைத் தொடங்கினார். 1939 இன் இறுதிக்குள் அந்நாட்டில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தடுப்பூசி பெற்றிருந்தனர். 1940 முதல் 1947 வரை ராக்பெல்லர் அறக்கட்டளை மட்டும் 2 கோடியே 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட அளவுகளைத் தயாரித்தது.

சிக்கல்களும் திருத்தங்களும்

தடுப்பூசியின் தொடக்க வரலாறு பழுதற்றதன்று. இரண்டு நிகழ்வுகள் தடுப்பூசி தயாரிப்பு முறையையே மாற்றின.

1. 1941 இல் பிரேசிலில் தடுப்பூசி பெற்றவர்களில் சிலருக்கு மூளை அழற்சி ஏற்பட்டது. வைரசைத் தொடர்ந்து வளர்த்துக்கொண்டே சென்றதில் அதன் இயல்பு மீண்டும் மாறியிருந்ததே காரணம். அதன்பின் விதைத் தொகுதி முறை கொண்டுவரப்பட்டது. அதாவது, நன்கு சோதிக்கப்பட்ட ஒரு வைரசுத் தொகுதியை உறைநிலையில் சேமித்து வைத்து, ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே தடுப்பூசியைத் தயாரிக்க வேண்டும். இம்முறை பின்னர் மற்றத் தடுப்பூசிகளுக்கும் பொது விதியாயிற்று.

2. 1942 இல் அமெரிக்கப் படைவீரர்களில் ஏறத்தாழ 50,000 பேர் காமாலையால் நோயுற்றனர். தடுப்பூசி கெடாமலிருக்க அதில் சேர்க்கப்பட்ட மனிதக் குருதி நீர்மத்தில், இன்று கல்லீரல் அழற்சி பி என்று அறியப்படும் வைரசு கலந்திருந்தது. பிரேசிலில் இத்தகைய நோய் முன்பே காணப்பட்டு, அங்கு குருதி நீர்மம் கைவிடப்பட்டிருந்தது. அமெரிக்காவில் அந்த எச்சரிக்கை உரிய காலத்தில் ஏற்கப்படவில்லை. அதன்பிறகு எங்கும் குருதி நீர்மம் சேர்க்கப்படவில்லை.

பிரெஞ்சு வகை வைரசிலிருந்து உருவான மற்றொரு தடுப்பூசி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த ஆப்பிரிக்க நாடுகளில் பரவலாகப் பயன்பட்டது. அது நோயை நன்கு தடுத்தாலும், குழந்தைகளுக்கு மூளை அழற்சியை உண்டாக்கியதால் நாளடைவில் கைவிடப்பட்டது. தெய்லரின் 17டி மட்டுமே நிலைத்தது.

நோபல் பரிசு

1951 இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது தெய்லருக்கு வயது 52. ஒரு வைரசுத் தடுப்பூசியை உருவாக்கியதற்காக வழங்கப்பட்ட முதல் நோபல் பரிசு இது. போலியோத் தடுப்பூசிகளை உருவாக்கிய ஜோனாசு சால்க், ஆல்பர்ட்டு சாபின் ஆகியோருக்கும் இப்பரிசு கிட்டவில்லை. 2023 இல் கோவிட்-19 தடுப்பூசிகளுக்கு வழிவகுத்த கண்டுபிடிப்புகளுக்காக இருவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டபோதே தடுப்பூசி ஆய்வு மீண்டும் அவ்வாறு சிறப்பிக்கப்பட்டது.

தெய்லர் பெற்ற பிற சிறப்புகள்:

- சால்மர்சு பதக்கம், அரச வெப்பமண்டல மருத்துவக் கழகம், லண்டன் (1939)
- பிளாட்டரி பதக்கம், ஹார்வர்டு பல்கலைக்கழகம் (1945)
- லாசுகர் விருது (1949)

பிற ஆய்வுகள்

1930களில் எலிகளின் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் ஒரு வைரசையும் தெய்லர் கண்டறிந்தார். அது தெய்லர் வைரசு என்று அவர் பெயராலேயே வழங்குகிறது. நரம்புறை அழியும் நோய்களைப் பற்றிய ஆய்வுகளில் அது இன்றும் பயன்படுத்தப்படுகிறது. டெங்கு, சப்பானிய மூளைக்காய்ச்சல் ஆகியவற்றின் வைரசுகளையும் அவர் ஆராய்ந்தார். டெங்கு, சப்பானிய மூளைக்காய்ச்சல் வைரசுகள் இரண்டும் மஞ்சள் காய்ச்சல் வைரசின் உறவினங்கள். இக்குடும்பத்தின் பெயரே மஞ்சள் என்னும் பொருள் தரும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

இந்தியாவுடன் தொடர்பு

1951 முதல் தெய்லர் ராக்பெல்லர் அறக்கட்டளையின் நியூயார்க் ஆய்வகங்களின் இயக்குநராக இருந்தார். கொசு, உண்ணி முதலியவற்றால் பரவும் வைரசுகளைத் தேடி அவ்வறக்கட்டளை பல நாடுகளில் ஆய்வு நிலையங்களை அமைத்தது. 1952 இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவுடன் இணைந்து பூனாவில் தொடங்கப்பட்ட வைரசு ஆய்வு மையம் அவற்றுள் ஒன்று. அதுவே இன்றைய தேசிய நச்சுயிரியல் நிறுவனம்.

1957 இல் இன்றைய கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர்க் காட்டுப் பகுதியில் குரங்குகள் செத்து விழுந்தன. அருகிலிருந்த ஊர்களில் மக்கள் கடுங்காய்ச்சலால் இறந்தனர். தென் அமெரிக்கக் காடுகளில் மஞ்சள் காய்ச்சல் பரவும்போதும் குரங்குகளே முதலில் இறக்கும். ஆகவே அந்நோய் இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்ற அச்சம் எழுந்தது. பூனா மையம் ஆராய்ந்ததில், அது உண்ணியால் பரவும் வேறொரு வைரசு எனத் தெரிந்தது. மஞ்சள் காய்ச்சல் வைரசின் உறவினமான அது கியாசனூர்க் காட்டு நோய் எனப் பெயர் பெற்றது.

மஞ்சள் காய்ச்சல் ஏன் ஆசியாவில் பரவவில்லை என்பதற்கு முடிந்த முடிவான விடை இல்லை. டெங்கு போன்ற உறவு நோய்களால் மக்களிடம் ஓரளவு எதிர்ப்பாற்றல் இருக்கலாம் என்பது ஒரு கருத்து. ஆசியக் கொசுக்கள் இந்த வைரசைக் குறைந்த அளவிலேயே கடத்துகின்றன என்பது மற்றொன்று. நோயுற்றவர் போதிய எண்ணிக்கையில் வந்து சேரவில்லை என்பது மூன்றாவது. கப்பலில் பல வாரங்கள் ஆன பயணம் இன்று வானூர்தியில் ஒரு நாளில் முடிவதால், மூன்றாவது காரணத்தை நம்பியிருக்க இயலாது. 2016 இல் அங்கோலாவில் பெரும் பரவல் ஏற்பட்டபோது, அங்கு பணிபுரிந்து திரும்பிய 11 பேரிடம் சீனாவில் மஞ்சள் காய்ச்சல் உறுதிசெய்யப்பட்டது. ஆசியாவில் இவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதன்முறை. நோய் அங்கே பரவவில்லை.

கன்னியாகுமரி மாவட்டமும் தடுப்பூசியும்

நாஞ்சில் நாட்டை உள்ளடக்கிய கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து பலர் கப்பல் பணியாளர்களாகவும், செவிலியர்களாகவும், பொறியாளர்களாகவும் வெளிநாடு செல்கின்றனர். ஆப்பிரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களில் பணிபுரிவோருக்கு இத்தடுப்பூசி இன்றியமையாதது.

மஞ்சள் காய்ச்சலைப் பரப்பக்கூடிய ஏடிசு கொசு இம்மாவட்டத்துக்குப் புதியதன்று. டெங்கு, சிக்குன்குனியா ஆகிய காய்ச்சல்களைப் பரப்புவதும் இவ்வினக் கொசுவே. வீட்டுத் தொட்டி, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, ரப்பர்த் தோட்டங்களில் பால் சேர்க்க மரத்தில் கட்டும் சிரட்டை ஆகியவற்றில் தேங்கும் மழைநீரில் இது பெருகுகிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் மாவட்டம் ஆதலால் ஆண்டின் பெரும்பகுதியில் இதற்கு இடம் கிடைக்கிறது. இங்கு இல்லாதது வைரசு ஒன்றே.

இதனால் இந்திய அரசு கடுமையான விதிகளைப் பின்பற்றுகிறது. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து செல்லத்தக்க சான்றிதழ் இல்லாமல் வருபவர், இந்தியரே ஆனாலும், 6 நாட்கள் வரை தனிமைப்படுத்தப்படுவார். கிருமி உடலில் நுழைந்து நோய் வெளிப்படும் காலம் 6 நாட்கள் வரை என்பதே இதற்கு அடிப்படை.

பயணத்துக்கு முன் அறிய வேண்டியவை:

- ஆப்பிரிக்காவிலும் நடு, தென் அமெரிக்காவிலுமாக ஏறத்தாழ 40 நாடுகளில் இந்நோய் உள்ளது. செல்லும் நாடு மட்டுமன்றி, வழியில் தங்கும் நாட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும்.
- அரசு ஏற்பளித்த மையங்களில் போட்ட ஊசிக்கு மட்டுமே செல்லத்தக்க சான்றிதழ் கிடைக்கும். தமிழ்நாட்டில் சென்னை கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு நிலையம், சென்னை, தூத்துக்குடித் துறைமுகங்களின் சுகாதார அலுவலகங்கள் ஆகியவை இத்தகையன. குமரி மாவட்டத்தாருக்கு இவற்றுள் அண்மையிலிருப்பது தூத்துக்குடி.
- ஒரு குப்பியில் பலருக்கான மருந்து இருக்கும். திறந்தபின் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். எனவே மையங்கள் குறிப்பிட்ட நாட்களில் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் ஊசி போடுவது வழக்கம். கடவுச்சீட்டை எடுத்துச் செல்ல வேண்டும்.
- மஞ்சள் நிற அட்டையில் வழங்கப்படும் சான்றிதழ், ஊசி போட்டு 10 நாட்கள் கழிந்த பின்னரே செல்லும். உடலில் எதிர்ப்பாற்றல் உருவாக அக்காலம் தேவை. கடைசி நாளில் ஊசி போடுவதால் பயனில்லை.
- முன்னர் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் ஊசி போட வேண்டியிருந்தது. ஜூலை 2016 முதல் உலக நலவாழ்வு அமைப்பின் விதிப்படி ஒரே ஊசி வாழ்நாள் முழுவதற்கும் செல்லும். பழைய அட்டைகளுக்கும் இது பொருந்தும்.
- இது உயிருள்ள, வலுவிழந்த வைரசு கொண்ட தடுப்பூசி. கோழி முட்டையில் தயாரிக்கப்படுவது. 9 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு வழக்கமாகப் போடப்படுவதில்லை. முட்டைக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர், கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார், 60 வயதுக்கு மேற்பட்டோர் மருத்துவரிடம் முன்னரே தெரிவிக்க வேண்டும்.
- ஊசிக்குப் பின் சிலருக்கு இலேசான காய்ச்சலும் உடல்வலியும் தோன்றி மறையும். கடுமையான விளைவுகள் மிக அரிதானவை.
- ஏடிசு கொசு பகலில் கடிப்பது. முழுக்கைச் சட்டையும் கொசு விரட்டிப் பூச்சும் தடுப்பூசி போட்டவருக்கும் தேவை. அவை டெங்குவையும் தடுக்கும்.
- திரும்பி வந்தபின் காய்ச்சல் கண்டால், சென்று வந்த நாட்டை மருத்துவரிடம் முதலிலேயே கூற வேண்டும். குருதிக்கசிவை மிகுவிக்கக்கூடிய ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளைத் தாமாக உட்கொள்ளலாகாது.

இந்தியாவில் இத்தடுப்பூசி இமாச்சலப் பிரதேசத்தின் கசௌலியிலுள்ள மத்திய ஆராய்ச்சி நிறுவனத்தில் தயாரிக்கப்பட்டு வந்துள்ளது. போலிச் சான்றிதழ்களை வாங்கிப் பயணம் செய்வோர் சட்டத்தை மீறுவதோடு, நோய்க்குத் தம்மையும், திரும்பும்போது தம் ஊரையும் திறந்துவிடுகின்றனர். மஞ்சள் அட்டை நோயைத் தடுப்பதில்லை. அதற்கு முன் போட்ட ஊசியே தடுக்கிறது.

இறுதிக்காலம்

1964 இல் ராக்பெல்லர் அறக்கட்டளையிலிருந்து விலகிய தெய்லர், யேல் பல்கலைக்கழகத்தில் தொற்றுநோயியல், நுண்ணுயிரியல் பேராசிரியராகச் சேர்ந்தார். 1967 இல் ஓய்வு பெற்றார். 1972 ஆகஸ்ட் 11 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். கணுக்காலிகளால் பரவும் வைரசுகளைப் பற்றி வில்பர் டவுன்சுடன் இணைந்து எழுதிய அவரது பெருநூல், அவர் மறைந்த மறு ஆண்டில் வெளிவந்தது.

தெய்லருக்குப் பின்

மஞ்சள் காய்ச்சல் ஒழிந்துவிடவில்லை. காட்டுக் குரங்குகளிடையே அது சுற்றிக்கொண்டிருக்கும்வரை, பெரியம்மையைப் போல அதனை அடியோடு ஒழிக்க இயலாது. தடுப்பூசி குறையும் இடத்தில் நோய் திரும்புகிறது. 2016 இல் காங்கோ சனநாயகக் குடியரசின் கின்சாசா நகரில் தடுப்பூசித் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, ஐந்தில் ஒரு பங்கு அளவே இலட்சக்கணக்கானோருக்குப் போடப்பட்டது. அக்குறைந்த அளவும் எதிர்ப்பாற்றலைத் தந்தது.

அசிபியின் குருதியில் 1927 இல் கண்டெடுக்கப்பட்டு, நியூயார்க்கின் குடுவைகளில் இயல்பு மாறிய அவ்வைரசு இன்றும் விதைத் தொகுதிகளாகப் பேணப்பட்டு வருகிறது. தூத்துக்குடியிலோ கிண்டியிலோ ஒரு பயணியின் கையில் ஏற்றப்படும் அரை மில்லி லிட்டர் மருந்து அதன் வழித்தோன்றலே ஆகும்.